ஃபைபர் படகின் அடிப்பக்கம் பழுதுபார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். நாகப்பட்டினம் பக்கம், 24 அடிப் படகு. 2004 சுனாமிக்கு முன்பு எங்கள் கரையில் கட்டுமரம்தான் நிறைய. நிவாரணமாக ஃபைபர் வந்த பிறகு எல்லாரும் இதற்கு மாறிவிட்டோம். தினமும் மணலில் இழுத்து ஏற்றி இறக்கியதில் படகின் அடி முதுகெலும்பான ஏராவின் அடியில் ஜெல்கோட் என்கிற வெளிப்பூச்சு தேய்ந்து, உள்ளே இருக்கும் கண்ணாடி நார் மேட் தேங்காய் நார் மாதிரி வெளியே தெரிய ஆரம்பித்தது.

சீசன் நேரம், அவசரம். பட்டறைக்காரர் ஒருவர் காலையில் தேய்த்து, சாயங்காலமே இரண்டு மேட் ஒட்டி, மேலே நீலப் பெயின்ட்டும் அடித்துக் கொடுத்தார். மூன்றாவது வாரம் ஒட்டு அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், மொத்தமாகக் கையோடு வந்தது. அதன் உள்பக்கம் வழுவழுவென்று இருந்தது. எங்கேயுமே பிடிக்கவில்லை.

அப்புறம்தான் சித்தப்பா வந்தார். படகு கட்டும் இடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். படகைக் கவிழ்த்துப் போட்டு, ஐந்து ரூபாய் நாணயத்தால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். ‘டக் டக்’ என்றால் விட்டுவிடுவார். ‘தொப்’ என்று சத்தம் மாறிய இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம். எனக்குக் கண்ணில் பட்டது ஒரு இடம், அவர் போட்டது ஐந்து வட்டம்.

கெட்டுப்போனதைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு ஓரத்தைச் சரிவாகத் தேய்க்கச் சொன்னார். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் சரிவு. எங்கள் படகு அந்த இடத்தில் 4 மில்லிமீட்டர், ஆக சுற்றிலும் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர். சின்ன ஓட்டைக்கு இவ்வளவு பெரிய பள்ளமா என்று வயிற்றைக் கலக்கியது.

நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டோம். மறுநாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “கரிக்குதுடா. இன்னும் கழுவு.” உப்பு உள்ளே இருந்தால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்குமாம். பிறகு ஈரம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, வெயிலில் விட்டுவிட்டோம். மதியம் பார்த்தால் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அது நிற்க ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாள் தொழில் போச்சே என்று நான் முனகினேன். அப்பாதான் சொன்னார்: “கட்டுமரத்தையே கரையேத்தினா அவுத்துக் காயப்போடுவோம். இதைக் காயப்போட உனக்கு என்ன?”

ஒட்டும் வேலை அரை நாள்தான். மேட்டை ஒட்டும் பசையான ரெசின் ஒரு கிலோவுக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 15 கிராம், ஆனால் ஒரு தடவைக்கு அரைக் கிலோ மட்டுமே கலக்கினோம். சித்திரை வெயிலில் அதற்கு மேல் போனால் மக்கிலேயே கட்டியாகிவிடும். மேட், ரோவிங் (நெய்த கண்ணாடி நார்த் துணி), மறுபடி மேட். வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் காற்று நிற்கிறது என்று அர்த்தம், அது மறைகிற வரை ரோலரால் அமுக்க வேண்டும். கடைசியில் ஜெல்கோட், உப்புத்தாள். இரண்டு வருஷமாக அந்த இடத்தைத் தொடவில்லை.

*

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தம்பி, உங்கட சித்தப்பா சொன்னது முழுக்கச் சரி. நான் செய்த மடத்தனத்தையும் கேளுங்கோ. எங்கட 18 அடி வள்ளத்தின் அணியத்தில் (முன்பக்கத்தில்) வெடிப்பு. ரெசின் கெதியாக இறுகுவதற்குப் போடுகிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரே ஒரே டின்னில் ஊற்றிவிட்டேன். புஸ் என்று புகை கிளம்பி, நெருப்பும் பிடித்தது. மணல் பக்கத்திலேயே இருந்ததால் தப்பினேன். ரெசினில் முதலில் கோபால்ட்டை நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட் போக வேண்டும். இரண்டு போத்தலையும் இப்போது வெவ்வேறு அறையில் வைக்கிறேன். மனிசி சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

*

கன்னியாகுமரிப் பக்கம். என் தப்பு வேறே மாதிரி. அவசரத்துக்கு ஓட்டையை எபாக்ஸி என்கிற வேறு வகை ரெசின் வைத்து அடைத்தேன். தண்ணீர் நின்றது, நல்லது. அடுத்த மாதம் அதன் மேலேயே சாதாரண பாலியெஸ்டர் ரெசினால் மேட் ஒட்டினேன். பிடிக்கவே இல்லை, உரிந்துவிட்டது. பாலியெஸ்டர் மேல் எபாக்ஸி பிடிக்கும், எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்தேன்.

இன்னொன்று: கடைசி ஜெல்கோட் கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் கேட்டலிஸ்ட் பத்தவில்லை என்று பயப்படாதீர்கள். காற்றுப் படுகிற பக்கம் அப்படித்தான் இருக்கும். அதற்கென்று இருக்கும் மெழுகுக் கரைசலைக் கலந்தால் போதும், இல்லையென்றால் பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள்.

தேய்க்கும்போது முழுக்கைச் சட்டை, முகமூடி கட்டாயம். நான் பனியனோடு உட்கார்ந்து தேய்த்துவிட்டு, மூன்று ராத்திரி சொறிந்துகொண்டே கிடந்தேன்.