அரையாண்டு விடுமுறைக்கு ஹம்பியா, தார்ப் பாலைவனமா?

செவ்வாய்ப்பேட்டை வாசி கேட்கிறார்:

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய கொலுசுப் பட்டறை நடத்தி வருகிறேன். பொங்கலுக்கான ஆர்டர்களை இந்த ஆண்டு முன்கூட்டியே முடித்துக் கொடுத்துவிட்டு, மகளின் அரையாண்டு விடுமுறையில் எட்டு நாள் குடும்பத்தோடு வெளியூர் போவதென்று, ஏறக்குறைய பத்தாண்டுகளுக்குப் பிறகு, முடிவு செய்திருக்கிறோம். போக வேண்டும் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எங்கே என்பதில்தான் இரண்டு கட்சி.

என் தந்தைக்கு வயது 74. ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் தூண்களைப் பென்சிலால் வரைந்து நிரப்பிய நோட்டுகள் பீரோவில் ஒரு தட்டு முழுக்க இருக்கின்றன. விஜயநகரத் தலைநகரின் இடிபாடுகள் உள்ள கர்நாடகத்து ஹம்பியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளோ ராஜஸ்தான் பாலைவனத்துக்குத்தான் போக வேண்டும் என்கிறாள். ஒட்டகச் சவாரிக்காக இருக்கும் என்று நினைத்தேன், அதுவல்ல காரணம். சேலத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று நான்கு பக்கமும் மலை வந்து மறிக்கிறது. எதுவும் மறைக்காமல் நிலம் போய் வானத்தைத் தொடுகிற இடத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்கிறாள். கடற்கரையில் பார்த்திருக்கிறாயே என்றதற்கு, அது தண்ணீர், நிலம் இல்லை என்று பதில் வந்தது. அதற்கு மேல் என்னால் வாதாட முடியவில்லை.

இரண்டு ஊருக்குமே நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல பருவம் என்பதுதான் சிக்கல். கோடை விடுமுறையில் ஹம்பிப் பாறைகள் தோசைக்கல்லாகக் காயும் என்கிறார்கள். தார்ப் பாலைவனத்து ஊரான ஜெய்சல்மேரில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அடுத்த ஆண்டு மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். அப்போது அரையாண்டு விடுமுறை என்று ஒன்று இருந்தாலும் அது புத்தகத்தோடுதான் கழியும். அப்பாவின் வலது முழங்கால் ஆண்டுக்கு ஆண்டு மோசமாகி வருகிறது. இப்போதே ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி நின்றுதான் இறங்குகிறார். ஆகவே இந்த டிசம்பரில் யாருடைய ஆசையைத் தள்ளிவைத்தாலும் அது எத்தனை ஆண்டு தள்ளிப்போகும் என்று சொல்ல முடியாது. முழங்கால் வலியுள்ள ஒருவரால் இந்த இடங்களில் எவ்வளவு பார்க்க முடியும் என்பதையும், பாலைவனக் கூடார விளம்பரங்களில் காட்டும் அமைதி அங்கே உண்மையிலேயே கிடைக்கிறதா என்பதையும் நேரில் போய் வந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

ஏற்காட்டுத் தோட்டக்காரர் எழுதுகிறார்:

ஐயா, எங்களுக்கு டிசம்பரிலும் ஜனவரியிலும் காப்பிப் பழம் பறிப்பு இருப்பதால், இரண்டாண்டுகளுக்கு முன் பிப்ரவரியில் ஜெய்சல்மேர் போய் வந்தோம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் சம் மணல்மேடுகளைத்தான் எல்லா விளம்பரங்களும் காட்டுகின்றன. நாங்கள் தங்கிய கூடார விடுதி, வரிசையாக நின்ற பல விடுதிகளில் ஒன்று. மாலையில் மாங்கணியார் இசைக் கலைஞர்கள் பாடியவரை எல்லாம் இனிமையாகவே இருந்தது. அவர்கள் எழுந்து போனதும் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு தொடங்கியது. ஒரு விடுதிக்காரர் சத்தத்தைக் கூட்டினால் பக்கத்து விடுதிக்காரர் அதற்கு மேல் கூட்டினார். நட்சத்திரம் பார்க்கலாம் என்று வெளியே பாயை விரித்த எங்களுக்கு ஜெனரேட்டர் புகைதான் கிடைத்தது. மறுநாள் முன்பணத்தை விட்டுவிட்டு, தென்மேற்கே உள்ள குரி என்ற சிற்றூருக்கு மாறினோம். அங்கே ஒரு வீட்டாரின் மண் குடிசையில் தங்கிய இரவில்தான், நாங்கள் எதற்காக அவ்வளவு தூரம் வந்தோமோ அது கிடைத்தது.

ஏற்காட்டில் 1,500 மீட்டர் உயரத்தில் வாழும் எங்களுக்குக் குளிர் புதிதல்ல என்ற இறுமாப்போடுதான் போனேன். ஆனால் இங்கே பனிமூட்டம் ஒரு போர்வை போலச் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். அங்கே காற்றில் ஈரமே இல்லை. பொழுது சாய்ந்ததும் மணல் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. மதியம் சட்டையோடு நடந்த இடத்தில் விடியற்காலையில் இரண்டு கம்பளி போதவில்லை. டிசம்பர் கடைசியில் இன்னும் கூடுதலாக இருக்கும். 74 வயதில் அந்தக் குளிரில் முழங்கால் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். ஒட்டகமும் அவருக்கு ஆகாது. அது எழும்போது பின்னங்கால்களை முதலில் தூக்கும். ஏறியிருப்பவர் தலைகுப்புற முன்னே சாய்ந்து, பிறகு வெடுக்கென்று பின்னே வருவார். எனக்கே இடுப்பில் ஒரு வாரம் பிடிப்பு இருந்தது.

உங்கள் மகளிடம் ஒன்றைச் சொல்லுங்கள். மணல்மேட்டின் மீது நின்றால் தெரிவது அடுத்த மணல்மேடு. அவள் கேட்கிற தடையற்ற நிலம், மணல் குவிந்த இடத்தில் இல்லை. தார்ப் பாலையின் பெரும்பகுதி நாம் படத்தில் பார்ப்பது போன்ற மணல்கூட இல்லை. கல்லும் புல்லும் எருக்கும் ஆங்காங்கே வன்னி மரமும் நிற்கிற வறண்ட சமவெளிதான் அது. ஜெய்சல்மேரிலிருந்து குரி போகும் வழியில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது, அவள் சொல்கிற அந்த அடிவானம் நான்கு திசையிலும் இருந்தது. நம் சிவன் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னிதான் அங்கே ஆட்டுக்குத் தழையும் அடுப்புக்கு விறகும் தருகிறது; அதன் நீளமான காயைக் காயவைத்து, ஊறவைத்து, மிளகாயோடு பொரியலாக வைத்தார்கள். கொத்தவரங்காய் வற்றலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்க ருசி.

இடிபாடுகளும் அங்கே உண்டு. ஜெய்சல்மேரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் குல்தரா என்ற ஊர், பாலிவால் மக்கள் 19ஆம் நூற்றாண்டில் விட்டுப்போனபடியே கூரையில்லாத வீடுகளும் நேரான தெருக்களுமாக நிற்கிறது. திவானின் கொடுமையால் ஒரே இரவில் போனார்கள் என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள்; தண்ணீர் வற்றியது காரணம் என்போரும் உண்டு. எனக்கு அந்தக் கதையைவிடப் பாலிவால் மக்களுடைய கடீன் என்ற விவசாய முறைதான் வியப்பாக இருந்தது. சரிவில் ஓடிவரும் மழைநீரை மண்கரை போட்டுத் தடுக்கிறார்கள். நாம் ஏரித் தண்ணீரை மதகு வழியாக வெளியே எடுத்துப் பாய்ச்சுகிறோம். அவர்கள் தண்ணீர் சுவறிய பிறகு ஏரிக்குள்ளேயே இறங்கி அந்த ஈரத்தில் விதைக்கிறார்கள்.

இத்தனை சொல்லியும், இந்த முறை போக வேண்டாம் என்றே சொல்வேன். இங்கிருந்து ரயிலில் போனால் ஜோத்பூர் வழியாக ஜெய்சல்மேர் சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். எட்டு நாளில் பாதி வழியிலேயே கரைந்துவிடும்.

ஓமலூர் ஆசிரியை எழுதுகிறார்:

ஐயா, ஓமலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஹம்பிக்கு நான்கு முறை மாணவர்களோடும் குடும்பத்தோடும் போயிருக்கிறேன். தோட்டக்காரர் சொன்ன முடிவு சரி என்றாலும், என்னுடைய காரணம் வேறு. ஹம்பி பக்கத்தில்தானே இருக்கிறது, நான்கு நாள் பொங்கல் விடுமுறையில் போய் வந்துவிடலாம் என்று உங்களுக்கு யாரேனும் யோசனை சொல்லக்கூடும். சுற்றிப் பார்க்கிறவருக்கு அது போதும். உங்கள் தந்தை வரைகிறவர். ஹசார ராமர் கோயிலின் வெளிமதிலில் யானை வரிசை, குதிரை வரிசை, வீரர் வரிசை, ஆடல் மகளிர் வரிசை என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும் அந்தச் சிற்பப் பட்டைகளில் ஒரு முழம் வரைவதற்கே அவருக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். வாடகை ஆட்டோ வெளியே காத்திருக்க, அரைமணி நேரத்தில் அவரைக் கிளப்புவது ஆசையை நிறைவேற்றியதாக ஆகாது. ஐந்து முழு நாள் கொடுங்கள்.

சேலத்திலிருந்து பெங்களூருக்குப் பகலில் போய், இரவில் ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஹொசபேட்டையில் இறங்கலாம். அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும் என்பதால் நாளைக் குறித்து வையுங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் கூட்டம் அதிகம். தங்குவதற்கு ஹொசபேட்டையைவிடக் கமலாபுரம் அருகில் இருக்கிறது. நம் விமான நிலையம் இருக்கிற ஊரும் கமலாபுரம் என்பதால், என் மாணவர்களுக்கு அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் ஒரே ஆரவாரம். அங்குள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஹம்பி முழுவதையும் மலையும் ஆறுமாகச் சிறு மாதிரியாக அமைத்திருக்கிறார்கள். முதல் நாள் அதைச் சுற்றி வந்துவிட்டால், 4,100 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கும் இடத்தில் எதை விடலாம் என்பது அப்பாவுக்கே தெரிந்துவிடும்.

முழங்காலைப் பொறுத்தவரை விடவேண்டியவை சில உண்டு. அஞ்சனாத்ரி 575 படி. மதங்க மலை அதைவிடக் கரடுமுரடு. இரண்டும் வேண்டாம். விருபாட்சர் கோயில், ஹசார ராமர் கோயில், தாமரை மகால், யானைக் கொட்டடி ஆகியவை பெரும்பாலும் சமதரை. கல்தேர் நிற்கும் விட்டலர் கோயிலுக்கு வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பேட்டரி வண்டி ஓடுகிறது. மகாநவமி மேடையில் ஏறத் தேவையில்லை. அதன் அடிப்பகுதியைச் சுற்றி நடந்தாலே வேட்டைக்காரர்களும் குதிரைகளும் ஒட்டகங்களும் கண்மட்டத்தில் இருக்கும். ஒட்டகம் பார்த்துவிட்டோம் என்று உங்கள் மகளிடம் சொல்லிக்கொள்ளலாம், அவள் ஒப்புக்கொள்வாளா என்பது வேறு. அந்திக்கு ஹேமகூடம் போதும்; அது குன்று என்றாலும் சரிவான பாறைதான், கைபிடித்து மெல்ல ஏறலாம்.

அரண்மனைகள் இருந்த இடத்தில் கல் அடித்தளம் மட்டும் கிடப்பதைக் கண்டு அவர் ஏமாறாதிருக்க முன்பே சொல்லிவையுங்கள். மேற்பகுதி மரத்தாலானது; 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு நகரம் சூறையாடப்பட்டபோது எரிந்தவை போக, கல் மட்டும் எஞ்சியது. தாரமங்கலத்தை வரைந்தவருக்கு அங்கே இன்னொரு வகையிலும் பழக்கம் தெரியும். வாலி நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் இராமன் தெரியாமலும், இராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரியும்படியும் நம் ஊர்ச் சிற்பி அமைத்தானே, அந்தக் கதை நடந்த கிஷ்கிந்தை என்று மரபில் சொல்லப்படுவது ஹம்பிக்கு எதிரே துங்கபத்திரையின் மறுகரையில் உள்ள ஆனைக்குந்திப் பக்கம்தான்.

உங்கள் மகளுக்காக இரண்டு. விருபாட்சர் கோயிலின் பின்புறம் ஓர் இருண்ட அறையில், சுவரில் உள்ள சிறு துளை வழியாக ராஜகோபுரத்தின் பிம்பம் தலைகீழாக எதிர்ச்சுவரில் விழுகிறது. ஊசித்துளைக் காமிராவை அறிவியல் பாடத்தில் படித்திருப்பாள். அதற்குள்ளேயே நிற்கும் வாய்ப்பு எளிதில் கிடைக்காது. இரண்டாவது, அவள் கேட்ட அடிவானம். ஹம்பியில் அது இல்லை. நம் ஊரைவிட அதிகமாகப் பாறைகள் மறைக்கும். ஆனால் ஒரு நாள் கார் வைத்துக்கொண்டு பல்லாரிப் பக்கக் கரிசல் சமவெளிக்குப் போங்கள். அறுவடையான பருத்திக் காட்டு வரப்பில் நின்றால், கறுப்பு மண் போய்க்கொண்டே இருந்து வானத்தில் முடியும். அது தண்ணீர் அல்ல, நிலம்தான்.

அம்மாபேட்டை நண்பர் எழுதுகிறார்:

இவ்வளவு யோசனை எதற்கு? பெங்களூரிலிருந்து ஜோத்பூருக்கு விமானத்தில் போய், நான்கு நாளில் பாலைவனத்தை முடித்துக்கொண்டு, திரும்பும் வழியில் மூன்று நாள் ஹம்பியில் தங்கினால் இருவர் ஆசையும் நிறைவேறிவிடும் அல்லவா?

ஓமலூர் ஆசிரியை எழுதுகிறார்:

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்குச் சாலையில் சுமார் 280 கிலோமீட்டர். ஒவ்வொரு வழிக்கும் ஐந்து மணி நேரம். அதற்கு மேல் இரவு ரயில் இரண்டு. 74 வயதுக்காரரை அப்படி உருட்டிக்கொண்டு போனால் ஹம்பியில் அவர் பென்சிலை எடுக்கமாட்டார், அறையில் படுத்திருப்பார்.

செவ்வாய்ப்பேட்டை வாசி எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மணல்மேட்டிலிருந்து தெரிவது அடுத்த மணல்மேடு என்ற வரியை மகள் இரண்டு முறை படித்தாள். பிறகு செல்போனில் பல்லாரிப் பக்கத்துச் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, எந்த இடத்தில் இருபது கிலோமீட்டருக்குக் குன்று இல்லை என்று தேடத் தொடங்கிவிட்டாள். ஆகவே ஹம்பி என்று முடிவாயிற்று. ஐந்தில் ஒரு நாள் கரிசலுக்கு. பதினொன்றாம் வகுப்பு டிசம்பரில் அவளை நான் மட்டும் குரிக்கு அழைத்துப் போவது என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அதை அப்பாவின் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

அப்பா முதல் அக்ரஹாரம் தெருவுக்குப் போய் இரண்டு புதிய ஓவிய நோட்டும் ஒரு பெட்டி பென்சிலும் வாங்கி வந்துவிட்டார். ஆசிரியை அம்மாவிடம் இன்னும் ஒரு கேள்வி. அவரால் தரையில் உட்கார்ந்து எழ முடியாது. கையடக்கமான மடக்கு நாற்காலி ஒன்றை ஹசார ராமர் கோயிலுக்குள் எடுத்துப்போனால் காவலர்கள் தடுப்பார்களா?

ஓமலூர் ஆசிரியை எழுதுகிறார்:

படமெடுக்க முக்காலி வைப்பதற்குத்தான் தொல்லியல் துறை முன் அனுமதி கேட்கும். என் மாமியாருக்காகச் சிறு மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துப்போனபோது எங்களை யாரும் தடுக்கவில்லை. காலின் அடியில் ரப்பர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்; கல்தரையில் இரும்புக் கால் வழுக்கும்.