அம்மாவுக்கு 41 வயது, மாடல் 63 என்கிறது: எங்கே தப்பு?

கோத்தகிரி மாணவி:
வணக்கம். முகப் படத்தைப் பார்த்து வயதைக் கணிக்கும் கம்ப்யூட்டர் மாடலைக் கல்லூரி புராஜெக்டுக்காகச் செய்கிறேன். ஐஎம்டிபி சினிமாத் தளத்திலும் விக்கிபீடியாவிலும் எடுத்த, வயது குறித்த முகப்படத் தொகுப்பான ஐஎம்டிபி-விக்கியை வைத்து, ரெஸ்நெட்-50 என்ற நியூரல் நெட்வொர்க்குக்குப் பயிற்சி கொடுத்தேன். சோதனைப் படங்களில் சராசரிப் பிழை 6 வருடம்தான். வீட்டுப் படங்களைக் கொடுத்தால் எல்லாம் கெட்டுப்போகிறது. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர், வயது 41. 63 என்று வருகிறது. வெயிலில் நிற்கும் முகம் என்பதாலா? ஆனால் 14 வயதுத் தம்பிக்கும் 31 காட்டுகிறதே! அடுத்த வாரம் ரிவ்யூ, உதவுங்கள்.

குன்னூர்க்காரன்:
தம்பிக்கும் ஏறுகிறது என்றால் வெயில் மட்டும் காரணமில்லை. வீட்டுப் படத்தை ஓப்பன்சிவி என்ற பட மென்பொருளில் திறக்கிறீர்களா? அது நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் தரும். மாடல் பழகியது சிவப்பு முதலில் வரும் வரிசையில். மாடலுக்குள் போகும் படத்தை அப்படியே திரையில் காட்டிப் பாருங்கள். அப்புறம், முகத்தை எவ்வளவு ஒட்டி வெட்டுகிறீர்கள்? ஐஎம்டிபி-விக்கியை 2015இல் வெளியிட்ட சூரிச் குழு, முகத்தைச் சுற்றி நாலு பக்கமும் 40 சதவீதம் இடம் விட்டுத்தான் வெட்டியது. பயிற்சிக்கு ஒரு மாதிரி, வீட்டுப் படத்துக்கு ஒரு மாதிரி வெட்டினால் கணக்கு உதைக்கும்.

கோத்தகிரி மாணவி:
அண்ணா, பார்த்தேன். அம்மா முகம் நீலமாக இருந்தது, தலையில் கட்டிய சிவப்புத் துணியும் நீலம்! புருவத்தோடு ஒட்டி வேறு வெட்டியிருக்கிறேன். இரண்டையும் சரிசெய்தேன். தம்பிக்கு இப்போது 16. அம்மாவுக்கு இன்னும் 52 வருகிறது.

ஊட்டியிலிருந்து:
மீதி 11 வருடம் புரோகிராம் கோடில் இல்லை, படங்களில் இருக்கிறது. அந்தத் தொகுப்பின் 5 லட்சத்துச் சொச்சம் படங்களில் பெரும்பகுதி சினிமாக்காரர்களுடையது. மேக்கப்பும் விளக்கும் சேர்ந்த ஐம்பது வயது முகத்தைத்தான் மாடல் ஐம்பது என்று படித்திருக்கிறது. மலையில் உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். வருடக்கணக்காக அதில் நின்ற 41 வயதுத் தோலை அது பார்த்ததே இல்லை. தோட்டத்தில் கேட்டு, சம்மதிக்கிறவர்கள் படத்தை மட்டும் எடுத்து, மாடலில் வயதைச் சொல்லும் கடைசி அடுக்குக்கு மட்டும் மறுபடி பயிற்சி கொடுங்கள். ஒரே ஆளின் படம் பயிற்சியிலும் சோதனையிலும் வரக்கூடாது. வயதை அடையாள அட்டையைப் பார்த்து மட்டும் எழுதாதீர்கள். பாட்டிமார் பலருக்கு அது குத்துமதிப்பாகப் போட்டது.

கோத்தகிரி மாணவி:
சரி அக்கா. நாளைக்குக் கொழுந்து எடை போடும் நேரத்தில் போய்க் கேட்கிறேன். அம்மாவின் 52ஐ மறைக்காமல் ரிவ்யூவில் முதல் படமாகவே வைக்கப் போகிறேன்.