லித்தியம் எடுப்பவர்களுக்கான பொது அட்டை: மாதிரி இருந்தால் தாருங்கள்

இருமுனை மனநோய் போன்றவற்றுக்கு மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எழுதும் லித்தியம் மாத்திரை, பல நேரம் ஆரம்ப சுகாதார நிலையச் சீட்டில் ஏறுவதில்லை. அங்கே மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கோ, ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடோ சேர்ந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவது குறைந்து, ரத்தத்தில் நஞ்சாகும் அளவுக்கு ஏறலாம். கை உதறல், வாந்தி, தள்ளாட்டம் வந்தபின் தேடுவது தாமதம். உயிர் விஷயம் இது.

அதனால் இரு இடத்துக்கும் ஒரே அட்டை தயாரிக்கிறோம். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்த லித்தியம் அளவு, 6 மாதத்துக்கொருமுறை கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), கால்சியம் அதில் இருக்கும். 'வலிக்குப் பாராசிட்டமால்' என்பது முகப்பிலேயே, பெரிய எழுத்தில்.

சிக்கல் ஒன்றுதான். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் எச்சரிக்கையைப் படிக்க வேண்டும். நோயின் பெயர் அவர் கண்ணில் படக்கூடாது. பெரும்பாலும் அவர் அதே ஊர்க்காரர். இதற்கு வழி கண்ட செவிலியர்கள், மருந்தாளுநர்கள் உங்கள் அட்டையின் படத்தை, நோயாளி விவரம் மறைத்து, இங்கே போடுங்கள்.