ஜிபிஎஸ் வாட்ச்: கடலில் தூரம் எகிறுகிறது, ஓட்டத்தில் பேஸ் குதிக்கிறது. கோவா 70.3-இல் எதை நம்பி ஓடுவது?

கேள்வி

வணக்கம். கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 ட்ரையத்லானுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், கடைசியில் 21.1 கி.மீ. ஓட்டம். அந்த ஓட்டத்தை 2 மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. அதாவது பேஸ் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 40 நொடி (5:40).

வேளச்சேரி நீச்சல் குளத்தில் வாட்ச் தூரத்தைச் சரியாகக் காட்டுகிறது. கோவளத்தில் கடலில் இறங்கினால்தான் தொல்லை. கூட நீந்துகிறவர் வாட்சில் 1,500 மீட்டர் என்றால் என்னுடையதில் 1,900-ஐத் தாண்டுகிறது. மேப்பைத் திறந்தால் நான் கரையேறி ரோட்டில் நீந்தியது மாதிரி கோடு போட்டிருக்கிறது.

ஓட்டத்தில் இன்னொரு பிரச்சினை. ஒரே சீராக ஓடும்போதே 5:10, 6:20, 5:30 என்று பேஸ் குதிக்கிறது. அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைத்தே களைத்துவிடுகிறேன். இதயத் துடிப்பும் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே 172 காட்டுகிறது. அப்போது பக்கத்தில் வருபவரோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டுதான் இருப்பேன். சைக்கிளில் எல்லாம் ஒழுங்கு. வாட்சை மாற்ற வேண்டுமா?

பதில் 1

மாற்ற வேண்டாம் தம்பி, வாட்சில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். கடலில் எந்த ஸ்ட்ரோக்கில் நீந்துகிறீர்கள்? ஓடுவது எந்த ரோட்டில்? கிளம்பும்போது வாட்சுக்கு சாட்டிலைட் கிடைக்கும்வரை நிற்கிறீர்களா?

கேட்டவர்

ஃப்ரீஸ்டைல்தான் அண்ணா. ஆனால் திசை பார்க்க அடிக்கடி பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு மாறுவேன். ஓடுவது ஓஎம்ஆரில். ஸ்டார்ட் அழுத்தியதும் ஓட ஆரம்பித்துவிடுவேன்.

பதில் 1

அப்படியென்றால் விஷயம் இதுதான். ஜிபிஎஸ் சிக்னல் தண்ணீருக்குள் இறங்காது, உப்புத் தண்ணீரில் சுத்தமாக வராது. ஃப்ரீஸ்டைலில் கை வெளியே வரும் அந்தக் கண நேரத்தில்தான் வாட்ச் உங்கள் இடத்தைப் பிடிக்கிறது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் கை மேலே வருவதே இல்லை. வாட்ச் இருட்டில் தடவி ஏதோ ஒரு புள்ளியை வைக்கிறது. அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் கோணல்மாணலாகக் கோடு வரும், தூரமும் ஏறும்.

பயிற்சியில் வாட்சை நீச்சல் தொப்பிக்குள் செருகிவிடுங்கள், அல்லது இழுத்துச் செல்லும் மிதவையின் மேல் கட்டுங்கள். ஓப்பன் வாட்டர் (திறந்த நீர்நிலை) மோடில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். திசை பார்க்க பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கே வேண்டாம். ஃப்ரீஸ்டைலிலேயே கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வரும்படி தலையை உயர்த்தி பாதையைக் காட்டும் மிதவையைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி மூச்செடுங்கள். கோவாவில் கூட்டத்துக்கு நடுவில் இந்தப் பழக்கம் வாட்சைவிட அதிகம் உதவும். போட்டியன்று வாட்ச் கையில்தான் இருக்க வேண்டும், கரையேறியதும் பட்டன் அழுத்த வேண்டுமே.

பதில் 2

ஓட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 5:40 பேஸ் என்றால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் நகர்கிறீர்கள். திறந்த வெளியிலேயே ஜிபிஎஸ்ஸில் சில மீட்டர் பிழை சகஜம். ஓஎம்ஆரில் உயரமான கட்டடங்களில் சிக்னல் பட்டுத் திரும்பி வருவதால் பிழை இன்னும் கூடும். நொடிக்கு 3 மீட்டர் போகிற ஆளை இவ்வளவு பிழையோடு அளந்தால் அந்தந்த நொடியின் பேஸ் குதிக்காமல் என்ன செய்யும்? ஒரு முழு கிலோமீட்டருக்கு அதே பிழை பெரும்பாலும் கரைந்துவிடும்.

அதனால் ஸ்கிரீனிலிருந்து அந்த நொடியின் பேஸை எடுத்துவிட்டு லேப் பேஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கிலோமீட்டரின் சராசரியை, வையுங்கள். ஆட்டோ லேப் 1 கி.மீ. என்று இருக்கட்டும். வாட்சில் டூயல் ஃப்ரீக்வென்சி (இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் பிடிக்கும்) வசதி இருந்தால் போட்டு வையுங்கள், கட்டடங்களுக்கு நடுவில் நல்ல வித்தியாசம் தெரியும், பேட்டரி மட்டும் சீக்கிரம் இறங்கும். ஓடப் போகும் முன் போனோடு சிங்க் செய்யுங்கள். சாட்டிலைட்டுகள் எங்கே இருக்கும் என்ற விவரம் வாட்சுக்கு வந்துவிடும், சீக்கிரம் பிடிக்கும். பிடித்த பிறகும் ஒரு நிமிடம் நின்று கிளம்புங்கள்.

பதில் 3

அந்த 172 உங்கள் இதயத் துடிப்பு இல்லை என்றே நினைக்கிறேன். ஆப்பில் கேடன்ஸ் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்ற எண்ணும் 172-ஐ ஒட்டி இருந்தால், மணிக்கட்டு சென்சார் கையாட்டத்தைத் துடிப்பு என்று எண்ணிக்கொள்கிறது. எலும்புக்கு இரண்டு விரல் மேலே, அசையாத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். அப்படியும் வந்தால் மார்புப் பட்டைதான் வழி. கோவாவின் புழுக்கத்தில் அதே பேஸில் ஓடினாலும் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த எண் நம்பகமாக இருந்தால்தான் எப்போது குறைக்க வேண்டும் என்று தெரியும்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. கேடன்ஸ் 171, 173 என்றுதான் இருந்தது அக்கா! மேலே ஏற்றிக் கட்டியதும் 140-களுக்கு வந்துவிட்டது. லேப் பேஸ் வைத்த பிறகு ஓட்டமும் நிதானமாகிவிட்டது. தொப்பிக்குள் வாட்சை வைத்தால் கடல் தூரம் கூட வருபவருடையதோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. ஒரு சந்தேகம்: போட்டியில் கிலோமீட்டர் போர்டும் வாட்சும் ஒத்துப்போகாவிட்டால் போர்டைக் கடக்கும்போதெல்லாம் நானே லேப் அழுத்தலாமா?

பதில் 2

வேண்டாம்! ட்ரையத்லான் மோடில் பல வாட்சுகளில் லேப் பட்டன்தான் அடுத்த கட்டத்துக்கு மாற்றும். கடலிலிருந்து ஏறியதும் ஒன்று, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஒன்று என்று அதற்கு வேலை இருக்கிறது. வேறு நேரத்தில் தொட்டால் நடுவழியில் போட்டியே முடிந்துவிட்டதாக வாட்ச் எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் பத்து நிமிட சைக்கிள், பத்து நிமிட ஓட்டம் என்று வைத்து உங்கள் வாட்ச் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

போர்டைக் கடக்கும்போது ஓட்டம் தொடங்கியதிலிருந்து ஆன நேரத்தைப் பார்த்தாலே போதும். 5:40 என்றால் 5 கி.மீ.-இல் 28:20, 10-இல் 56:40, 15-இல் 1:25:00, முடிவில் 1:59:34. ஒரு பிளாஸ்டரில் எழுதிச் சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ளுங்கள், 90 கி.மீ.-இல் மனப்பாடம் ஆகிவிடும். வளைவில் நீங்கள் வெளிப்பக்கமாக ஓடினாலே தூரம் கூடும், வாட்சும் கொஞ்சம் கூட்டும், அதனால் போர்டுக்கு முன்பே வாட்ச் கிலோமீட்டர் அடிக்கும். போர்டை நம்புங்கள்.

சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் மரத்த மாதிரி இருக்கும், மெதுவாகப் போகிறோம் என்றே தோன்றும், லேப் பேஸ் 5:15 என்று இருக்கும். முதல் 3 கிலோமீட்டரை வேண்டுமென்றே 5:50-இல் ஓடுங்கள். அந்த அரை நிமிட நஷ்டத்தைப் பிறகு எடுத்துவிடலாம். வெயில் ஏறி 10-ஆவது கிலோமீட்டரிலேயே துடிப்பு எல்லை தாண்டினால் 2 மணி நேரக் கணக்கை விட்டுவிட்டு 6:00-க்கு இறங்குங்கள்.

கேட்டவர்

புரிந்தது அண்ணா. ஞாயிறு காலை ஈசிஆரில் சைக்கிள் ஓட்டிவிட்டு உடனே ஓடிப் பார்க்கிறேன், லேப் பட்டனையும் அன்றே சோதித்துவிடுகிறேன்.