மறு: ஹை-ரெஸ் ஆடியோவுக்கு ‘உயர்தர ஒலி’ வேண்டாம், ‘நுண்பதிவு’ வைக்கலாம்

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கமுங்க.

ஹை-ரெஸ் ஆடியோவுக்கு, அதாவது சிடியைவிட நுணுக்கமாகப் பதிந்த ஒலிக்கு, தமிழில் ‘உயர்தர ஒலி’ என்றே வைத்துவிடலாம் என்று ஈரோட்டு அண்ணா எழுதியிருந்தார். பொள்ளாச்சியிலிருந்து ‘மீத்தெளிவு ஒலி’ வந்திருக்கிறது. இரண்டிலும் எனக்கு ஒரே தடைதான்: லாஸ்லெஸ் (இழப்பின்றிச் சுருக்கிய ஒலி) எது, ஹை-ரெஸ் எது என்று பிரித்துச் சொல்ல அவை இடம் கொடுப்பதில்லை. கோவையில் ஹெட்போன் வாங்கப் போகிறவர்களில் பலர் இரண்டும் ஒன்றென்றே நினைக்கிறார்கள்.

லாஸ்லெஸ் என்பது சுருக்கும் முறையைப் பற்றியது. ஃப்ளாக் (FLAC), ஆப்பிளின் ஏலாக் (ALAC) என்ற சுருக்கு முறைகள் இரண்டும் பாட்டுக் கோப்பைச் சிறிதாக்கும். விரித்தால் ஒரு பிட்கூடப் பிசகாமல் பழையது திரும்பி வரும். எம்பி3 காதுக்கு எட்டாது என்று கணித்ததை எறிந்துவிடும், எறிந்தது திரும்பாது. நகைப்பட்டறைப் பேச்சிலிருந்து ‘சேதாரமில்லா ஒலி’ என்று ஒருவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, கேட்டதும் விளங்குகிறது. ஆனால் லாஸிக்கும் (எம்பி3 போல இழந்து சுருக்குவது) இணையாக ஒரு சொல் வேண்டுமே. ‘இழப்பிலாச் சுருக்கம்’, ‘இழப்புறு சுருக்கம்’ என்றால் ஜோடியாக நிற்கும். பேச்சில் சேதாரம் தாராளமாகப் புழங்கட்டும்.

ஹை-ரெஸ் என்பது எவ்வளவு நுணுக்கமாகப் பதிந்தார்கள் என்ற அளவு. சிடி 16 பிட் (பிட் டெப்த்: ஒவ்வொரு அளவீடும் எவ்வளவு நுணுக்கம்), 44.1 கிலோஹெர்ட்ஸ் (சாம்பிள் ரேட்: நொடிக்கு 44,100 அளவீடு). அதற்கு மேல் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை இன்று கிடைக்கிறது. ஆனால் எல்லைக்கோடு ஆளுக்கு ஓரிடத்தில். 24/44.1-இல் (24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்) உள்ள பாட்டை கோபஸ் என்ற பாட்டுச் சேவை ஹை-ரெஸ் என்கிறது. ஆப்பிள் மியூசிக்கில் 48 கிலோஹெர்ட்ஸ் வரை வெறும் லாஸ்லெஸ், அதைத் தாண்டினால்தான் ஹை-ரெஸ். ஸ்பாட்டிஃபை 2025-இல் கொண்டுவந்ததும் 24/44.1 வரைதான், பெயர் லாஸ்லெஸ். ஆகவே சொல்லோடு வரையறையும் நாமே வைக்க வேண்டும். சிடியின் இரண்டு அளவுக்கும் குறையாமல், ஒன்றிலாவது கூடுதலாக இருப்பது ‘நுண்பதிவு’. எழுதும்போது ‘நுண்பதிவு 24/96’ என்று எண்ணையும் பக்கத்திலேயே போட்டுவிடலாம்.

டைடல் என்ற பாட்டுச் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் எம்க்யூஏ (MQA) என்ற சுருக்கு முறையை வைத்திருந்து 2024 ஜூலையில் கைவிட்டது. எம்க்யூஏ பிட்டுக்குப் பிட் மூலத்தைத் திருப்பித் தராத முறை. ‘நுண்பதிவு என்று வந்தது, இழப்பிலாதது அல்ல’ என்று நாலைந்து சொல்லில் முடித்துவிடலாம். ‘உயர்தர ஒலி’யை வைத்து இதை எப்படிச் சொல்வது?

அப்புறம், ‘உயர்’ என்பது தரத்துக்கு வாக்குக் கொடுக்கிற சொல். 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவே அதில் பாதி, சுமார் 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைப் பிடித்துவிடும். நல்ல காதுக்கே எல்லை சுமார் 20. 2007-இல் ஒலி ஆய்வாளர்கள் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில், நுண்பதிவை இடையில் சிடி அளவுக்கு இறக்கி ஒலிக்கவிட்டபோது, வழக்கமான ஒலியளவில் கேட்டவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. ஒரு பாட்டு நன்றாக ஒலிப்பதும் கெடுவதும் பெரும்பாலும் மிக்ஸிங்கிலும் (தடங்களைக் கலப்பது) மாஸ்டரிங்கிலும்தான் (கடைசி மெருகு).

காசுக்கு வருவோம். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலிருந்து இழப்பிலாவையும் நுண்பதிவையும் கூடுதல் கட்டணமின்றித் தருகிறது, ஃபோனில் பிடிக்கும் இடம்தான் விலை. அவர்கள் கணக்கில் 10 ஜிபியில் சாதாரண ஏஏசி (எம்பி3 போன்ற லாஸி முறை) பாட்டு 3000, இழப்பிலா 1000, நுண்பதிவு 200. புளூடூத்தில் சோனியின் எல்டாக் (LDAC) என்ற அனுப்பும் முறையே அதிகபட்சம் நொடிக்கு 990 கிலோபிட்; சுருக்காத சிடிக்கு 1411 வேண்டும். திருப்பூர் பஸ்ஸில் புளூடூத் மாட்டிக் கேட்பவருக்கு நுண்பதிவு இழப்பில்லாமல் போய்ச் சேராது. சந்தாவில் இழப்பிலா இருந்தால் போதும், நுண்பதிவுக்கென்று தனியாகக் கொடுக்கிற காசை நல்ல வயர் ஹெட்போனில் போடுங்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

பிட் டெப்துக்குப் ‘பதிவாழம்’, சாம்பிள் ரேட்டுக்குப் ‘பதிவு வீதம்’ என்று யோசித்து வைத்திருக்கிறேன். ‘மாதிரி வீதம்’ என்றால் பேச்சில் ‘போல’ என்று ஆகிவிடுமோ என்று தயக்கம். கரூர், நாமக்கல் நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்க.