கிளைச் செயலவையில் பெண்களுக்கு இடம் ஒதுக்கினால் போதுமா?

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

வணக்கம். மின்னியல் தொழிற்சாலையில் இயங்கும் எங்கள் சங்கக் கிளையின் உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனால், செயலவையில் இருப்பவர் ஒரே ஒரு பெண்; அவரும் மகளிர் பிரிவுத் தலைவி என்ற வகையில் வந்தவர். அடுத்த பேராளர் மாநாட்டில், செயலவை இடங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கக் கோரும் தீர்மானத்தை முன்மொழிய எண்ணுகிறோம். எப்படி ஆயத்தமாவது?

பதில் 1 (கோலாலம்பூர்)

தீர்மானத்தோடு சங்க விதித் திருத்தத்தின் வாசகத்தையும் இப்போதே எழுதி வையுங்கள், சகோதரி. 1959ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தின்படி, திருத்தம் அரசாங்கத்தின் தொழிற்சங்கத் தலைமை இயக்குநரிடம் பதிவான பிறகே செல்லுபடியாகும்.

பதில் 2 (பட்டர்வொர்த்)

இட ஒதுக்கீட்டை ஆதரிக்கிறேன். ஆயினும், சங்கம் முதலாளியோடு செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்திற்கான பேச்சுவார்த்தைக் குழுவில் யார் அமர்கிறார்கள் என்பதே என் கண்ணில் பெரிய கேள்வி. வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தால் 2023 ஜனவரி 1 முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது, தந்தையர்க்கும் 7 நாள் விடுப்பு கிடைத்தது. சட்டம் தருவது அடித்தளம் மட்டுமே. குழந்தைப் பராமரிப்புப் படி, தாய்ப்பால் சேகரிக்கும் அறை போன்றவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டால்தான் உறுதியாகும். அதே சட்டத் திருத்தம் பெண்களின் இரவு வேலைக்கு இருந்த கட்டுப்பாட்டையும் நீக்கிவிட்டதால், நள்ளிரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பப் பேருந்து உண்டா என்பதையும் நாம்தான் பேசித் தீர்க்க வேண்டும். பேரம் இறுகும்போது முதலில் விட்டுக்கொடுக்கப்படுபவை பெரும்பாலும் இவைதாம். மேசையில் பெண் இல்லாவிட்டால், விட்டுக்கொடுத்தது கூட வெளியே தெரியாது. அரசாங்கச் சேவையில் சம ஊதியக் கொள்கை 1969இல் ஏற்கப்பட்டதும், ஆசிரியைகள் தங்கள் சங்கத்தின் வழியே பல ஆண்டுகள் விடாமல் கேட்டதன் பலனே.

பதில் 3 (ஈப்போ சாலை, கோலாலம்பூர்)

இடம் கிடைத்தும் கூட்டத்திற்கு வர முடியாமல் பதவி விலகிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பெண்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லும் தலைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, சங்கப் பொறுப்பாளர் தம் கடமைக்காகக் கேட்கும் நியாயமான அளவு விடுப்பை முதலாளி மறுக்கக் கூடாது என்கிறது. அதைப் பயன்படுத்தி, பகலிலேயே கூட்டம் நடத்தும் ஏற்பாட்டையும் உங்கள் தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.