திங்கக்கிழமை ட்ரையல், என்னென்ன பாப்பாங்க? அவசரம்

பரமத்தி_பையன் · சனி இரவு 9:12
அண்ணா எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாள் கழிச்சு திரும்ப லாரி ஓட்டப் போறேன். ஒரு கம்பெனில திங்கக்கிழமை காலைல 8 மணிக்கு ட்ரையலுக்கு வரச் சொல்லிட்டாங்க. சும்மா ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லுவாங்களா இல்ல வேற ஏதாச்சும் கேப்பாங்களா. ரிவர்ஸ்தான் பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க

சங்ககிரி_ஸ்பேனர் · 9:20
என்ன வண்டி தம்பி? டிப்பரா, டேங்கரா, லாங் லைனா? ரொம்ப நாள்னா எத்தன நாளு, ஆறு மாசமா ஆறு வருசமா? ஒண்ணுமே சொல்லாம கேட்டா ஜோசியந்தான் பாக்கோணும்.

டபுள்_கிளட்ச் · 9:26
எந்த வண்டியா இருந்தாலும் கியர்தாங்க பாப்பாங்க. ஏறும்போது சத்தமில்லாம விழணும், இறக்கும்போது டபுள் கிளட்ச் போட்டு, அதாவது கிளட்ச ரெண்டு தடவ மிதிச்சு, நடுவுல ஒரு ரேஸ் குடுத்து விழ வைக்கணும். அத ஒரு தடவ பாத்துட்டாலே பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்கு இவன் பழைய டிரைவர்னு தெரிஞ்சுரும். வேற ஒண்ணும் தேவையில்ல.

முப்பது_வருச_ஸ்டியரிங் · 9:41
ஓட்டத் தெரிஞ்சவனுக்கு ட்ரையல்னா என்ன பயம்? நாங்கெல்லாம் கிளீனரா ஏறி மூணு வருசம் டயர் கழட்டி, தார்ப்பாய் கட்டி, டிரைவருக்கு வெந்நீர் வச்சுக் குடுத்துட்டுத்தான் ஸ்டியரிங்கத் தொட்டோம். இப்ப போன்ல கேட்டு ஓட்டக் கத்துக்கறாங்க. பயம் இருந்தா போகாத தம்பி, ரோட்டுல மத்தவனும் பொழைக்கணும்.

பரமத்தி_பையன் · 10:05
ட்ரெய்லர் அண்ணா, 40 அடி கண்டெய்னர். தூத்துக்குடி லைன். நான் முன்னாடி ஓட்டுனது 2518, பத்து சக்கர வண்டி. 2017ல விட்டுட்டு திருப்பூர்ல பனியன் கம்பெனில இருந்தேன். ட்ரெய்லர் ஓட்டுனது இல்ல. மச்சான் சொல்லி விட்டதால கூப்பிட்டிருக்காங்க

சங்ககிரி_ஸ்பேனர் · 10:09
அடப்பாவி, இத மொதல்லயே சொல்லியிருக்கணும். "ரிவர்ஸ்தான் பயமா இருக்கு"ன்னு ஏதோ பழக்கம் விட்டுப்போன மாதிரியில்ல சொன்ன.

ஹார்பர்_எஸ்டேட்_டீக்கடை · 10:34
நான் தூத்துக்குடில கண்டெய்னர்தான் ஓட்டுறேன். தம்பி, பதறாம கேளுங்க.

ஏறின உடனே சாவியத் திருகிராதீங்க. அங்கயே பாதி மார்க் போயிரும். மொதல்ல வண்டியச் சுத்தி வாங்க. டயரத் தட்டிப் பாக்கணும், ஆயில் கம்பிய எடுத்துப் பாக்கணும், அப்புறம் டர்ன்டேபிளுக்கு, அதான் ட்ரெய்லர் மேல வந்து உக்கார்ற தட்டுக்கு, அடியில டார்ச் அடிச்சுக் குனிஞ்சு பாக்கணும். ட்ரெய்லருக்கு அடியில நீட்டிட்டிருக்கற கிங் பின்னை லாக் முழுசாப் பிடிச்சிருக்கா, தட்டுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல சந்து தெரியுதா. சந்து தெரிஞ்சா சரியா உக்காரலன்னு அர்த்தம். ட்ரெய்லர் பிரேக்குக்குப் போற ஏர் ஹோஸ்ல செவப்பு எமர்ஜென்சி, மஞ்சள் சர்வீஸ். நாலு மூலையிலயும் கண்டெய்னரப் பிடிச்சு வைக்கற ட்விஸ்ட் லாக் திரும்பியிருக்கான்னு கையால தொட்டுப் பாருங்க. கண்ணால பாத்தா மட்டும் போதாது, பாதி திரும்பின லாக்கும் பாக்க முழு லாக் மாதிரியேதான் இருக்கும்.

வெறும் இன்ஜினை, அதாவது முன்னாடி இழுக்கற வண்டிய மட்டும் குடுத்து ட்ரெய்லர மாட்டச் சொன்னா, மாட்டினதும் ட்ரெய்லரத் தாங்கி நிக்கற காலு, லேண்டிங் லெக்க உடனே தூக்கிராதீங்க. ட்ரெய்லர் பிரேக்கப் பிடிச்சு வச்சு மொத கியர்ல லேசா இழுங்க. கழண்டு வரலன்னா இறங்கி இன்னொரு தடவ டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, அதுக்கப்புறம் தூக்குங்க. எங்க யார்டுல ஒருத்தர் லெக்க முதல்லயே தூக்கிட்டு இழுத்தாரு. ட்ரெய்லர் மூக்கு தரையில, டபராக்குள்ள தம்ளர் கவுந்த மாதிரி. லோடு இல்லாததால தப்பிச்சாரு.

ரிவர்ஸ்: கையை ஸ்டியரிங்குக்கு மேல வைக்காதீங்க, கீழ வைங்க. கீழ இருக்கற கை எந்தப் பக்கம் போகுதோ ட்ரெய்லர் வாலும் அந்தப் பக்கம் போகும். இத ஒண்ண வச்சுத்தான் நான் பழகுனேன். முடிஞ்சா வலது பக்கமா வளைச்சு விடுங்க, ஜன்னல்ல தலைய நீட்டினா பின் டயரு தெரியும். இடது குருட்டுப் பக்கம். இன்ஜின் பக்கமா ட்ரெய்லர் மடங்க ஆரம்பிச்சுட்டா சரி பண்ணறேன்னு இன்னும் திருப்பாதீங்க. நிறுத்தி, முன்னாடி இழுத்து, நேராக்கி மறுபடி விடுங்க. நாலு தடவ முன்னப் பின்னப் போனாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சந்தேகம்னா இறங்கிப் போய்ப் பாருங்க. இறங்கிப் பாக்கறவனத்தான் எங்க ஆளு எடுப்பாரு.

டபுள்_கிளட்ச் · 10:40
டபுள் கிளட்ச் பத்தி ஒண்ணுமே சொல்லலயே?

ஹார்பர்_எஸ்டேட்_டீக்கடை · 10:43
இப்ப வர்ற வண்டி முக்கால்வாசி சிங்க்ரோமெஷ்ணே, கியர் தானே ஒத்துப் போய் விழும். போட்டா தப்பில்ல, போடலன்னா யாரும் கேக்கப் போறதில்ல.

நாமக்கல்_பாடி_பில்டர் · 10:58
2017ல விட்டவருக்கு ஒரு விசயம். நீங்க ஓட்டினது வண்டியும் லோடும் சேத்து 25 டன். 2018ல லோடு கணக்கு ஏறி அதே பத்து சக்கரம் 28.5 ஆயிருச்சு. அதனால இப்ப மாடல் நம்பரே 28ல ஆரம்பிக்குது, முழிக்காதீங்க. அதவிட முக்கியம் யூரியா, புகைய சுத்தம் பண்ண ஊத்தற தண்ணி. 2020 ஏப்ரல்ல இருந்து வர்றது பூராவும் பி.எஸ். 6 வண்டி, புகைக்கான புது விதிப்படி செஞ்சது. டீசல் டேங்குக்குப் பக்கத்துல நீல மூடி போட்டு ஒண்ணு இருக்கும், அதுல டீசல ஊத்திராதீங்க! யூரியா தீந்தா லைட் எரியும், அப்புறம் வண்டி இழுக்காது. சைலன்சர்ல சேர்ற கரிய எரிக்கறதுக்கு ரீஜென்னு இன்னொரு லைட் இருக்கு, அது ஓடிட்டிருக்கறப்ப நடுவுல இன்ஜின ஆப் பண்ணக் கூடாது. "இந்த லைட் என்னது"ன்னு டாஷ்போர்டக் காட்டிக் கேக்கறாங்கன்னு எங்க பட்டறைக்கு வர்ற பசங்க சொல்றாங்க.

முப்பது_வருச_ஸ்டியரிங் · 11:15
லைட்டப் பாத்து ஓட்டறவன் டிரைவரா? காதால கேட்டு ஓட்டணும். டீசல் மிச்சம் பண்ணத் தெரியுதான்னுதான் ஓனர் பாப்பான். இறக்கத்துல நியூட்ரல் போட்டு உருட்டக் கத்துக்க தம்பி. நான் தொப்பூர் மலை ரோட்டுல அப்படித்தான் இருவது வருசம் இறங்குனேன்.

சங்ககிரி_ஸ்பேனர் · 11:19
தயவு செஞ்சு இத ட்ரையல்ல பண்ணிராத தம்பி! தர்மபுரில இருந்து சேலம் இறங்கறப்ப ரெட்டப் பாலத்துக்கிட்ட எத்தன வண்டி போயிருக்கு. பாதி இந்த நியூட்ரலாலதான். கியர் இல்லன்னா இன்ஜின் புகைய அடைச்சு வேகத்தக் குறைக்கற எக்சாஸ்ட் பிரேக் வேலை செய்யாது, மொத்தக் கனமும் சக்கரத்து பிரேக் டிரம் மேல. சூடேறிட்டா பெடல் மிதிச்சாலும் வண்டி நிக்காது.

முப்பது_வருச_ஸ்டியரிங் · 11:24
பிரேக் பாக்கத் தெரியாதவன் விழுவான். எனக்கு ஒரு கீறல் விழல.

நாமக்கல்_பாடி_பில்டர் · 11:31
மிச்சமும் ஆகாதுங்க ஐயா. பழைய பம்ப் வண்டியையே கியர்ல விட்டுக் கால எடுத்தா டீசல் போறது நின்னுரும், இப்ப இருக்கறதுல கம்ப்யூட்டரே நிறுத்திருது. நியூட்ரல்லதான் இன்ஜின் அணையாம இருக்க, ஐட்லிங்குக்குன்னு, குடிச்சுட்டே இருக்கும்.

முப்பது_வருச_ஸ்டியரிங் · 11:33
பட்டறைல உக்காந்துட்டு எனக்கு டீசல் கணக்கு சொல்ற. ஒரு தடவ டெல்லி போயிட்டு வந்து பேசு.

நாமக்கல்_பாடி_பில்டர் · 11:35
டெல்லிக்குப் போனாலும் ஐட்லிங் ஐட்லிங்தானுங்க.

(இதுக்கப்புறம் 14 பதில் இதே சண்டை. ஒருத்தர் நடுவுல ஓசூர் செக்போஸ்ட்ல ரெண்டு நாள் படுத்துக் கெடந்த கதைய ஆரம்பிச்சுட்டாரு.)

திருச்செங்கோடு_பேப்பர் · ஞாயிறு காலை 7:02
சண்டையக் கொஞ்சம் ஓரங்கட்டுங்க. தம்பி, 2017ல விட்டேன்னு சொன்னீங்க. லைசன்ஸ் உயிரோட இருக்கா? அட்டையில ரெண்டு தேதி இருக்கும். என்.டி.ன்னு போட்டது பைக், காருக்கு, அது பல வருசத்துக்கு இருக்கும். டி.ஆர்.னு போட்டதுதான் லாரிக்கு. அப்ப மூணு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம்தான் அஞ்சு வருசம் ஆச்சு. அட்டைய எடுத்துப் பாத்துட்டு சொல்லுங்க.

லோடு_இறக்கி · 7:40
டி.ஆர். எல்லாம் வேண்டாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சே? நியூஸ்ல போட்டாங்க.

திருச்செங்கோடு_பேப்பர் · 7:52
அது 2024 நவம்பர்ல வந்த தீர்ப்பு. 7,500 கிலோவுக்குள்ள இருக்கற சின்ன வண்டிக்கு. டாட்டா ஏஸ் ஓட்டறவருக்கு ஆகும், 40 அடி கண்டெய்னருக்கு ஆகாது.

முப்பது_வருச_ஸ்டியரிங் · 8:10
பேப்பர் வச்சா வண்டி ஓட்டறோம்.

திருச்செங்கோடு_பேப்பர் · 8:14
ஓட்டறது கையாலதான், இடிச்சதுக்கு அப்புறம் பேப்பர்தான் பேசும். டிரைவருக்கு செல்லுபடியாகற லைசன்ஸ் இல்லன்னா இன்சூரன்ஸ்காரன் குடுக்கற பணத்த ஓனர்கிட்டயே திருப்பிக் கேப்பான். அதனாலதான் கம்பெனிக்காரங்க ரிவர்ஸ் பாக்கறதுக்கு முன்னாடி அட்டைய வாங்கிப் பாக்கறாங்க.

டபுள்_கிளட்ச் · 11:20
தம்பி ஆளக் காணோம்?

சங்ககிரி_ஸ்பேனர் · 11:26
அட்டையத் தேடிட்டு இருப்பாப்ல.

பரமத்தி_பையன் · ஞாயிறு இரவு 8:47
பாத்தேன் அண்ணா. என்.டி. 2029 இருக்கு. டி.ஆர். 11-2019ல முடிஞ்சிருச்சு. நான் மேல இருந்த தேதிய மட்டும் பாத்துட்டு இருந்திருக்கேன். மச்சான் திட்டிட்டாரு

திருச்செங்கோடு_பேப்பர் · 8:55
முடிஞ்சு ஒரு வருசம் தாண்டிட்டா சும்மா புதுப்பிக்க மாட்டாங்க, ஆர்.டி.ஓ. முன்னாடி ஓட்டிக் காட்டணும். ஃபாரம் 1ஏ-ல டாக்டர் கையெழுத்து வாங்கிட்டு, அரசாங்கத்தோட சாரதி இணைய தளத்துல விண்ணப்பம் போட்டு, நேர்ல போய்க் கேளுங்க. கம்பெனிக்கு இன்னைக்கே போன் பண்ணி உள்ளதச் சொல்லிருங்க. அங்க போய் மாட்டறதுக்கு அது மேல்.

பரமத்தி_பையன் · புதன் மதியம் 1:30
போன் பண்ணிட்டேன். லைசன்ஸ் எடுத்துட்டு வான்னு சொல்லிட்டாரு. அதுவரைக்கும் யார்டுல வெறும் ட்ரெய்லர் வச்சுப் பழகிக்கச் சொன்னாரு. நேத்துப் போனேன். கீழ கை வைக்கறது வேலை செய்யுது டீக்கடை அண்ணா. இடது பக்கம் இன்னும் வரல

முப்பது_வருச_ஸ்டியரிங் · 1:52
எந்த யார்டு?

டபுள்_கிளட்ச் · 3:15
வண்டி என்ன மாடல் தம்பி? கியர் சத்தமில்லாம விழுதா?

நாமக்கல்_பாடி_பில்டர் · 6:04
நீல மூடில டீசல் ஊத்தலயே?